முதுகில் கட்டிய பெட்டிப் பலகை

பண்டிகைப் பயணத்தில் முதுகு வலிக்காமல் இருக்க என்னிடம் வழி கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: நான் செய்ததைச் செய்யாதீர்கள். முதுகு பிழைக்கும், மானம் போய்விடும்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் (எங்கள் வாயில் அது ‘ஸ்டோர்’) கொழுந்துச் சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய தீபாவளிக்கு பஸ்ஸில் சுற்றிவிட்டு வந்து மூன்று நாள் கேள்விக்குறியாக நடந்தவன் நான். இந்தத் தீபாவளிக்கோ கந்தப்பளைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கனவே இரண்டு இடம் நழுவியாயிற்று. கூனிக்கொண்டு போய் நின்றால் மூன்றாவதும் போச்சு.

ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆசாரி அண்ணன்தான் யோசனை சொன்னார். “ஒரு பெட்டிப் பலகைய முதுகோட கட்டிக்கடா. பஸ்ஸு எப்படித் தூக்கிப் போட்டாலும் ஒடம்பு வளையாது.”

உடைந்த பெட்டியின் பலகையைக் கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை வைத்து, சணல் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். மேலே சட்டை, அதன் மேல் இரவல் கோட்டு. கண்ணாடியில் பார்த்தால் தோட்டத்துத் துரை மாதிரி இருந்தேன். (எனக்கு மட்டும்.)

துணைக்கு வந்த தாய்மாமாவிடம் மூச்சு விடவில்லை. ஹட்டன் தாண்டியதும் அவரே கேட்டார். “ஏன்டா, காலப் பெரட்டுல வேலைக்கு ஆள் எண்ணுறப்ப நிக்கிற மாதிரியே ஒக்காந்திருக்க?”

“மரியாதை மாமா.”

“இன்னும் பொண்ணு வீடு வரலடா!”

நுவரெலியாவில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கயிறு விலாவை நெரித்தது. ஒரு கடைக்குப் பின்னால் ஒதுங்கி, நகம் பெயரும்வரை போராடினேன். முடிச்சு அசையவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், முதுகு துளியும் வலிக்கவில்லை.

பெண்ணின் அப்பா கங்காணி. அவர் வீட்டுக் கதவு என் தோளுயரம்.

“குனிஞ்சு வாங்க தம்பி.”

குனிவது எங்கே? முழங்காலை மடக்கி வாத்து மாதிரி நுழைந்தேன். பாயில் உட்காரச் சொன்னார்கள். நின்றேன். மாமா என் தொடையைக் கிள்ளினார். “தீபாவளியும் அதுவுமா பெரியவங்க கால்ல விழுந்து கும்பிடுடா.”

நான் அசையவில்லை. கங்காணியின் மீசை மட்டும் துடித்தது.

“பரவால்லைங்க” என்றார், மாமாவைப் பார்த்து. “வளையாத ஒடம்புக்கு எம்பொண்ணு எதுக்குங்க?” அவர் கை வாசலைக் காட்டியது. பலகாரத் தட்டோடு வந்த பெண் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள்.

இதுவும் போகிறது! வெட்டிய மரமாக அப்படியே முன்னால் சாய்ந்தேன். கைகள் தரையில் ஊன்றின. நடுவுடம்பு தொங்கியது.

படார்!

“ஐயையோ, மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு ஒடஞ்சுபோச்சே!” பெண்ணின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டார்.

காலருக்கு மேலே பலகையின் மொட்டை முனை எட்டிப் பார்த்தது. கவிழ்ந்து கிடந்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெண்தான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தாள். இரண்டு துண்டையும் உருவி எடுத்தவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“தெனம் கூடையோட மலை ஏறுறோம், நாங்க பலகையா கட்டுறோம்? கம்பளிய மடிச்சு இடுப்புக்கு வைங்க. பஸ்ஸு நிக்கிற எடத்துல எறங்கி நாலு எட்டு நடங்க. அம்புட்டுதான்.”

கங்காணி பலகைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கால்ல விழுறதுக்குப் பலகையையே ஒடச்சவன் நீ ஒருத்தன்தான்ப்பா. எந்திரிச்சு ஒக்காரு.”

தையில் கல்யாணம். அந்தப் பலகையில் ஒரு பாதி இன்றும் எங்கள் தண்ணீர்ப் பானைக்கு மூடி. மாமியார் கடைசிவரை என்னை ‘முதுகெலும்பு ஒடஞ்ச மாப்பிள்ளை’ என்றுதான் ஊருக்கு அறிமுகப்படுத்தினார்.

போன தீபாவளிக்கு எங்கள் பேத்தியைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். பயத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். பலகாரம் வைக்கிற சாக்கில் என் மனைவி அவன் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“பலகை இல்லைங்க.”