ஒரே ஒரு யோசனை

யோசனைக்காரர் என்று நம்மிடையே ஓர் இனம் உண்டு. எந்த ஊரிலும் இவர்களுக்குப் பஞ்சம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பந்தல் போடுகிறவன் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, ஏணியை விட்டு இறங்கி, வேர்வையைத் துடைத்து, ஒரு சுருட்டைப் பற்றவைக்கப் போகிற சமயம் பார்த்து, கையில் குடையோடு ஒருவர் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கிழக்க பாத்துப் போட்டிருக்கலாம்" என்கிறாரே, அவர்தான். அவர் பந்தல் போட்டதில்லை. அவருக்கு முடிச்சும் போடத் தெரியாது. அதனால் என்ன? யோசனை சொல்ல முடிச்சு எதற்கு?

காய்ச்சல்காரன் கட்டிலருகே உட்கார்ந்து மருந்தை மாற்றச் சொல்வார். கல்யாண வீட்டில் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து உப்பைக் கூட்டச் சொல்வார். பிள்ளைக்குப் பேர் வைத்துத் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று தரம் சொல்லியும் ஆன பிறகு, இதைவிட நல்ல பேர் ஒன்று அவருக்கு நினைவு வரும். கெட்டவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் விரட்டிவிடலாமே! உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். அங்கேதான் சங்கடம்.

மலாயாவில் எங்கள் ஊரான தங்காக்கில் இந்த இனத்தின் திலகமாக விளங்கியவர் பெரிய கிராணி ஐயாசாமி. ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் கையில். துரைக்கு அடுத்தபடி அவர் சொன்னால்தான் தோட்டத்து லாரி நகரும். வெள்ளைக் கோட்டு, வெள்ளை வேட்டி, வெயிலில்லாத வேளையிலும் குடை. வலது கைச் சுண்டுவிரலை அவர் உயர்த்தினால், எதிரே இருப்பவர்கள் வேலையைக் கீழே வைத்துவிடுவது நல்லது. "ஒரே ஒரு யோசனை" என்று ஆரம்பிப்பார். ஒன்றோடு அவர் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், ஊரிலுள்ள கடைச் சிப்பந்திகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினோம். அதுவரை தங்காக்குக்கு வருகிற நாடகக் கம்பெனிகள் எல்லாம் விடிய விடிய ஆடும். தோட்டத்து ஜனங்கள் கண் சிவக்க உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்படியே பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுவார்கள். அங்கே நின்றபடியே தூங்கிக் கங்காணியிடம் வசவு வாங்குவார்கள். ஆகவே நாங்கள் தீர்மானித்தோம்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புதிதாக எழுதிய ஒரு சின்ன நாடகம். அரை மணிக்கு மேல் போகக் கூடாது. ராஜா கிடையாது. கந்தர்வன் கிடையாது. நம்மைப் போன்ற மனிதர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள்.

முதல் நாடகத்தை எழுதியவர் தையல்காரர் அர்ச்சுனன். நான் வேலை பார்த்த ஜவுளிக் கடையின் வாசல் நடையில்தான் அவருடைய மிஷின் இருந்தது. அளவாகப் பேசுவார், அளவாகத் தைப்பார். நாடகத்தையும் அப்படித்தான் எழுதியிருந்தார். மேடையில் இரண்டே பேர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண். எழுதப் படிக்கத் தெரியாதவள். கடலுக்கு அப்பாலுள்ள சொந்த ஊரிலிருந்து அவளுக்குக் கடிதம் வருகிறது. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு சின்னக் கிராணி படித்துக் காட்ட வருகிறான். பிரித்துப் பார்த்தால் அவளுடைய தாய் இறந்துபோன செய்தி. அவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சாவுச் செய்தி கொண்டுவரும் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவது வழக்கம் அல்லவா? அந்த மூலையைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, அம்மா சுகம், மாடு கன்று போட்டது, மழை பெய்தது என்று இல்லாததையெல்லாம் படிக்கிறான். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாப் படிச்சீங்க. இப்ப அந்தக் கட்டை விரலை எடுத்துட்டுப் படிங்க" என்கிறாள். முடிந்தது நாடகம்.

பெண்ணாக நடிக்க வெள்ளையம்மா முன்வந்தாள். ஐயாசாமியின் தோட்டத்தில் பால் மரம் சீவுகிறவள்; முப்பது வயது இருக்கும். பெண் வேஷத்துக்கு ஆணைத் தேடுகிற அந்தக் காலத்தில், ஒரு தோட்டத்துப் பெண் தானாக வந்து, "நான் நிக்கிறேன்ணே" என்று சொன்னது எங்களுக்கே அதிர்ச்சி. சின்னக் கிராணியாக நடிக்க முடிதிருத்தும் கடைச் செல்லப்பன் ஒப்புக்கொண்டான். ஒத்திகை இரண்டு தரம் நன்றாக நடந்தது. மூன்றாம் தரம் குடை வந்து சேர்ந்தது.

ஐயாசாமி முழுதும் பார்த்தார். தலையை ஆட்டினார். "ரொம்ப நல்லாருக்கு டெய்லரே. ஒரே ஒரு யோசனை." சுண்டுவிரல் உயர்ந்தது. "ஒரு ராஜா வேணும்."

"லயத்துக்குள்ள ராஜா எப்படிங்க வருவாரு, கிராணி ஐயா?"

"வேட்டைக்கு வந்தாரு. வழி தப்பிட்டாரு. தோட்டத்துக்குள்ள பூந்துட்டாரு. என்ன தப்பு?"

தோட்டத்து ஜனங்கள் வர லாரி வேண்டும். லாரிக்கு ஐயாசாமி வேண்டும். ராஜா வந்தார். ராஜா வந்தால் சேவகன் வர வேண்டாமா? என் கையில் ஈட்டி வந்தது. ராஜாவும் சேவகனும் சும்மா நின்றால் ஜனங்கள் கொட்டாவி விடமாட்டார்களா? கோமாளி வந்தான். கோமாளிக்கு ஒரு பாட்டு, அதற்கு ராஜா ஒரு எதிர்ப்பாட்டு, இரண்டுக்கும் முன்னால் கடவுள் வாழ்த்து மூன்று, அதற்கும் முன்னால் "இரண்டே வார்த்தை" வரவேற்புரை. பேசுகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஒத்திகையில் அவர் நாடகத்தின் உயிரிலேயே கை வைத்தார்.

"எதுக்கு டெய்லரே அந்தம்மாவைச் சாகடிக்கிறீங்க? ஜனங்க உழைச்சுக் களைச்சு வாராங்க. அம்மா சுகம்னு முடிச்சா சந்தோசமாப் போவாங்கள்ல?"

"அவங்க செத்ததுதான் ஐயா நாடகமே."

"சரி, சாகட்டும். ராஜா ஒரு வைத்தியரை அனுப்பட்டும். பொழைச்சுக்கட்டும்."

"அம்மா இருக்கறது ஊர்ல. ராஜா இருக்கறது தங்காக்ல."

"கப்பல் எதுக்கு இருக்கு?" என்றார் ஐயாசாமி.

அர்ச்சுனன் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் உரக்கவே பேசினார். "ராஜாவைச் சேத்துட்டேன். கோமாளியைச் சேத்துட்டேன். சட்டைக்கு மேல சட்டை போட்டாச்சு. உள்ள இருக்கிற ஆளை மட்டும் விட்டுருங்க ஐயா."

"கோவிச்சுக்காதீங்க லா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சரி, அம்மா சாகட்டும். அந்தக் கடைசிப் பேச்சையாச்சும் எடுத்துருங்க. ஒரு தோட்டத்துப் பொம்பளை, படிச்ச மனுசனைப் பாத்து விரலை எடுங்கன்னு சொல்றது மரியாதையாவா இருக்கு? அதுவுமில்லாம, துக்கச் சேதியை மறைச்சு எவனாச்சும் படிப்பானா? நம்புற மாதிரியே இல்ல."

"படிப்பாங்க ஐயா" என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளையம்மா.

"நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் ஐயா." குடை நகர்ந்தது.

அவர் போன பிறகு அர்ச்சுனன் விஷயத்தை எனக்குச் சொன்னார். ஒருநாள் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த வெள்ளையம்மா சொன்ன கதைதான் இந்த நாடகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வந்த கடிதம் அது. தோட்டத்து ஆபீஸ் தாழ்வாரத்தில், அவள் கண் எதிரிலேயே உறையைக் கிழித்து, கறுப்பு மூலையைக் கட்டை விரலால் அமுக்கி, மாடு கன்று போட்டதாகப் படித்தவர் வேறு யாருமில்லை, ஐயாசாமியேதான்! கடிதத்தையும் அவர் சும்மா விடவில்லை. இதைவிட நல்ல கடிதமாக்கிக் கொடுத்தார். ஒரு மாதம் போகட்டும், மெல்லச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். பிறகு மறந்தே போனார். உறையிலிருந்து கடிதம் வெளியே வரும்போதே அவள் மையைப் பார்த்துவிட்டாள். மனிதர் இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, லயத்துக்குப் போய்த் தனியாக அழுதாள். விரலை எடுங்கள் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. அர்ச்சுனன் எழுதிக் கொடுத்த பேச்சு அது. அதை ஒரே ஒரு முறை நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் வேஷம் கட்ட வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டகை ஒரு சீனத் தவுக்கேயுடையது, அதாவது முதலாளியுடையது. பலகைச் சுவர், தகரக் கூரை. ஏழு மணிக்கு அவர் அங்கே ஊமைப் படம் காட்டுவார். எங்களுக்கு நாலு மணியிலிருந்து ஆறரை வரை. அரை மணி நாடகத்துக்கு அது தாராளம் என்றுதான் நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம்.

லாரி மூன்று நடை அடித்து ஜனங்களைக் கொண்டுவந்து கொட்டியது. கடவுள் வாழ்த்து மூன்றும் பாடி முடித்தோம். ஐயாசாமியின் "இரண்டே வார்த்தை" நாற்பது நிமிஷம் பிடித்தது. ராஜா வேட்டைக்கு வந்து வழி தப்பினார். தப்பிய வழியைப் பற்றி மூன்று பாட்டுப் பாடினார். கோமாளி விழுந்தான். ஜனங்கள் சிரித்தார்கள். "ஒன்ஸ்மோர்!" மறுபடியும் விழுந்தான். ஐயாசாமி முன்வரிசையிலிருந்து சுண்டுவிரலை உயர்த்தி, இடது பக்கமாக விழச் சொன்னார். அப்படியும் விழுந்தான். மணி ஆறரை. வெள்ளையம்மா நாலு மணியிலிருந்து மேடையோரத்தில், மடியில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய நாடகம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

தவுக்கே உள்ளே வந்தார். "ஹபிஸ், ஹபிஸ்!" என்று கையை வீசினார். முடிந்தது, முடிந்தது என்று மலாயில் சொன்னார். ராஜா அதைத் தமக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு நாலாவது பாட்டைத் தொடங்கினார். தவுக்கே பேசாமல் போய்க் கயிற்றை அவிழ்த்தார். படம் காட்டும் வெள்ளைத் துணி மேலிருந்து சரசரவென்று இறங்கியது. ராஜாவும் கோமாளியும் துணிக்குப் பின்னால்; ஈட்டியோடு நான் மட்டும் முன்னால். பின்னாலிருந்து பாட்டு இன்னும் கேட்டது. ஜனங்கள் எழுந்து நின்று பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

அர்ச்சுனன் மேடையோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு, தாயி. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

"அடுத்த மாசமும் ராஜா வருவாருண்ணே" என்றாள் வெள்ளையம்மா.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெள்ளைத் துணிக்கு முன்னால் வந்தாள். போட்டாள். உட்கார்ந்தாள். செல்லப்பன் கடிதத்தோடு பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஊர்லேருந்து தாள் வந்திருக்காம்ல? படிங்க, ஐயா."

யாருடைய யோசனையும் இல்லாமலே அந்தக் குரலில் ஏதோ இருந்தது. சுருட்டிய பாயின் மேலேயே ஜனங்கள் உட்கார்ந்தார்கள். செல்லப்பன் படித்தான். அம்மா சுகம். "அப்புறம்?" மாடு கன்று போட்டது. "அப்புறம்?" கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அவள் "அப்புறம்" என்று கேட்கக் கேட்க, ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்து அவன் குரல் கம்மிக்கொண்டே வந்தது. அது நடிப்பா பயமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. துணிக்குப் பின்னால் ராஜாகூடப் பாட்டை நிறுத்திவிட்டார். லயத்து வாசலில் ஈட்டி பிடித்த சேவகன் எதற்கு நிற்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நல்லாப் படிச்சீங்க" என்றாள் வெள்ளையம்மா. அவனை நேராகப் பார்த்தாள். "இப்ப அந்தக் கட்டை விரலை எடுத்துட்டுப் படிங்க."

கைதட்டல் இல்லை. ஒன்ஸ்மோர் இல்லை. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள், பிறகு இன்னொருத்தி. அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் அப்படி ஒரு கடிதம் வராதவர் யார்? தவுக்கே செல்லப்பனிடம் வந்து, "மாக் சுடா மாத்தி?" என்று கேட்டார். தாய் இறந்துவிட்டாளா என்றார். செல்லப்பன் தலையாட்டினான். ஒரு நாளும் ஒரு நிமிஷம் பிந்தாத படத்தை அன்றைக்கு அவர் கால் மணி கழித்துத்தான் ஆரம்பித்தார்.

நான் நின்ற இடத்திலிருந்து முன்வரிசை நன்றாகத் தெரிந்தது. ஐயாசாமி கையில் எங்கள் நாடக நோட்டீஸ் இருந்தது. அதன் மூலையை அழுத்தியிருந்த தம் கட்டை விரலை அவர் ஏதோ சூடு பட்டதுபோல மெல்ல நகர்த்தினார். எழுந்தார். குடையை நாற்காலியிலேயே மறந்துவிட்டு மேடையோரத்துக்கு வந்தார். வெள்ளையம்மா எதிரில் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

"எல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார். சுண்டுவிரல் பாதி உயர்ந்தது. "ஒரே ஒரு யோசனை. அந்தக் கிராணிக்கு ஒரு நல்ல வார்த்தை சேத்திருக்கலாம். அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல."

"கெட்டவருன்னு யாருங்க ஐயா சொன்னா?" என்றாள் வெள்ளையம்மா. "அன்னிக்கி எனக்காகத்தான் அவ்வளவு பாடுபட்டாருன்னு எனக்குத் தெரியாதா? ஆனா செத்தது எங்கம்மா இல்லீங்களா? அதை எனக்குச் சொல்லிட்டு மிச்சத்தைப் பேசியிருக்கலாம்."

ஐயாசாமி சுண்டுவிரலை மடக்கிக்கொண்டார். "லாரியில முன்னால உக்காந்துக்க, வெள்ளையம்மா. பின்னாடி காத்து அடிக்கும்" என்று மட்டும் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன யோசனைகளில் உடனே ஒருவர் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் இரண்டாவது நாடகத்தில் ராஜா வரவில்லை. ஐயாசாமி வந்தார். இருபத்தைந்தாவது நிமிஷம்வரை வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு, துணிக்கு முன்னால் நாடகம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்பது தமக்கு முதலிலேயே தோன்றியது என்று பக்கத்து ஊரான மூவாரின் கடைத்தெருவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஐயாசாமிக்கு இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? அல்லது அவரை இவ்வளவு கேலி செய்திருக்க வேண்டாம் என்றா? வெள்ளையம்மா அந்த இடத்தில் அழுதிருந்தால் நன்றாயிருக்கும், ஆரம்பத்தைச் சுருக்கியிருக்கலாம், இந்தக் கடைசிப் பத்தியே தேவையில்லை என்று, எல்லாம் முடிந்து நான் பேனாவை மூடப்போகிற இந்தச் சமயத்தில், உங்கள் வலது கைச் சுண்டுவிரல் லேசாக எழும்புகிறதே, ஏன்?