செத்தவர் எழுந்து பாத்திரம் தேய்க்கவும்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நம்மாள் முடிவெடுத்துவிட்டான். இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மனைவியைச் சாகடித்துவிட வேண்டும்.

பயப்பட வேண்டாம். கரப்பான்பூச்சி குறுக்கே ஓடினால் நாற்காலி மேல் ஏறி நின்று மனைவியைக் கூப்பிடுகிற வீரன் அவன். சாகடிப்பதெல்லாம் கணினிக்குள்ளேதான். பேய் தேடும் விளையாட்டு அது. ஒரு பாழடைந்த வீடு, வாசலில் ஒரு வண்டி. வீட்டுக்குள் ஒரு பேய். கூட்டாளிகள் உள்ளே போய் அது எந்த வகைப் பேய் என்று கண்டுபிடித்து, உயிரோடு வெளியே வந்தால் வெற்றி. இவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆடுவார்கள். நம்மாள் கூடத்துப் பெரிய கணினியில், மனைவி தன் மடிக்கணினியில், அவனுடைய தங்கை நானூறு மைல் தள்ளிக் கல்லூரி விடுதியில். காதில் ஆளுக்கொரு ஹெட்போன்.

ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வேண்டும். மூன்று பெயரையும் அவனே வைத்தான். தனக்கு 'மேலாளர்'. மனைவிக்கு 'உதவி 1'. தங்கைக்கு 'உதவி 2'. இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் மேலாளர்கள்.

விதிகளையும் அவனே எழுதி குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தான். அதில் முக்கியமானது: 'செத்தவருக்கு ஆட்டத்தில் வேலை இல்லை. ஆகவே செத்தவர் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கவும்.' படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேய் வீட்டுக்குள் மட்டும்தான் கொல்லும். வாசலில் நிற்கும் வண்டிக்குள் அது வராது. அந்த வண்டியில் உட்கார்ந்து திரைகளைப் பார்த்து உத்தரவு போடுகிற வேலையை நம்மாள் எடுத்துக்கொண்டான். அதற்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர். இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பத்தொன்பது முறை செத்தாள். தங்கை மூன்று முறை. ஒருங்கிணைப்பில் இதுவரை உயிர்ச்சேதம் இல்லை.

அவன் காப்பீட்டு நிறுவனத்தில் ஆபத்தைக் கணிக்கிற உத்தியோகத்தில் இருந்தான். எந்த ஆபத்தையும் தாளில் போட்டு, அதை அடுத்தவர் தலையில் எப்படி வைப்பது என்று யோசிக்கிற படிப்பு படித்தவன். அதனால் ஆட்டத்தில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது சாபப் பொருட்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒன்று கிடக்கும். பொம்மை, இசைப்பெட்டி, கைக்கண்ணாடி, ஏதோ ஒன்று. அதை எடுத்துப் பயன்படுத்தினால் அரைமணி நேரம் தேட வேண்டிய பேயை அரைநிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பதிலுக்குத் தைரியத்தைத் தின்னும். தைரியம் தீர்ந்த பிறகும் பயன்படுத்தினால் பேய் வேட்டைக்குக் கிளம்பும்.

"சாபப் பொருளைச் சரியா உபயோகிச்சா அது வரம்," என்பான்.

"யார் கையில இருந்தா?" என்பாள் மனைவி.

"உன் கையிலதான். உனக்கு என்னைவிடத் தைரியம் ஜாஸ்தி. இதை நான் எங்க வேணா சொல்லுவேன்."

சொல்லவும் செய்தான். அவள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். இருட்டுக் குழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவளுக்குத் தைரியம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கணிப்பாளர் தேவைப்பட்டான்.

இன்றைய விவகாரம் பாத்திரம் அல்ல, பரண். அவளுக்கு இன்னும் ஏழு வாரத்தில் லிஃப்ட் ஆய்வாளர் தேர்வு. வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. அதை அவனுடைய பழைய கணினிப் பெட்டிகள் தரையிலிருந்து விளக்கு வரை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பரணில் ஏற்றினால் அறை அவளுக்கு. ஆனால் பரணையும் அவன் சாமான்களே அடைத்திருந்தன. பரணைக் காலி செய்கிறேன், காலி செய்கிறேன் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. அவள் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்து, நின்றுகொண்டே படித்தாள். இயந்திரம் பிழியும்போது எழுத்து ஆடும். அந்த நேரத்துக்குப் பக்கத்தை மூடிவிட்டு மனப்பாடமாகச் சொல்லிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு ஆட்டத்துல முடிவு பண்ணிக்கலாம்," என்றான் நம்மாள், பெருந்தன்மையாக. "நான் செத்தா, இன்னிக்கே பரண் காலி, ரூம் உனக்கு. நீ செத்தா, பரணைப் பத்தி இந்த வருஷம் பேசக் கூடாது."

"யாரும் சாகலேன்னா?"

"அடுத்த ஞாயிறு."

"நீங்க வண்டியில உக்காந்திருந்தா எப்படிச் சாவீங்க?"

"அது உன் சாமர்த்தியம்."

"சரி. எழுதிக் குடுங்க."

எழுதினான். எழுதுவதில் அவனுக்கு நிகர் இல்லை. கடைசியில் தன் தொழில் புத்தியோடு ஒன்றைச் சேர்த்தான்: 'சாவுக்குப் புகைப்பட ஆதாரம் வேண்டும். ஆதாரமில்லாத சாவு செல்லாது.' அலுவலகத்தில் படம் இல்லாத விண்ணப்பத்தை அவன் தொட மாட்டான். வீட்டிலும் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், "போட்டோ எடுத்தியா?" என்றுதான் கேட்பான். பிற்பாடு "நான் சாகவே இல்லை" என்று அவள் வாதாடிவிடக் கூடாது அல்லவா? ஆட்டத்தில் கேமரா இருக்கிறது. விழுந்து கிடக்கிற உடலை ஒரு படம் எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

அவன் திட்டம் எளிமையானது. வாரம் முழுக்க அலுவலக உணவு இடைவேளையில் உட்கார்ந்து பழகியிருந்தான். இன்றைக்கான வீட்டில் இருப்பது கைக்கண்ணாடி. அதைப் பார்த்தால் பேய் இருக்கும் அறை தெரியும். ஒரு தடவை பார்த்தால் தைரியத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். தைரியம் பூஜ்யமான பிறகும் பார்த்தால் கண்ணாடி உடையும், வாசல் கதவு அடைபடும், உள்ளே இருப்பவரைப் பேய் தேடி வரும். யாருக்கு எவ்வளவு தைரியம் மிச்சம் என்பது வண்டித் திரையில் மட்டும்தான் தெரியும். வண்டியில் இருப்பது யார்? மேலாளர்.

சாபப் பொருளை எடுப்பவரைவிட அளவைப் படித்துச் சொல்பவர்தான் பெரியவர் என்பதை அவன் கண்டுபிடித்திருந்தான். நிறைய அலுவலகங்களும் இதைக் கண்டுபிடித்திருக்கின்றன.

காலை பத்து மணி. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஆட்டம் ஆரம்பித்தது. மனைவி மடிக்கணினியைச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டாள்.

"அங்க எதுக்கு?" என்றான்.

"செத்தா பக்கத்துலயே பாத்திரம். நடக்க வேண்டாம் பாருங்க."

நம்மாளுக்கு இந்த அடக்கம் பிடித்திருந்தது.

ஆட்டத்துக்குள் உதவி 1 வீட்டுக்குள் போனாள். உதவி 2 வண்டியில் மேலாளர் பக்கத்தில் நின்றாள்.

"கண்ணாடி கிடைச்சிருச்சு," என்றது மனைவியின் குரல். "பாக்கறேன். மாடி, மூணாவது ரூம்."

"அருமை. இன்னொரு தடவை பாரு. பேய் இடம் மாறும்."

"தைரியம் எவ்வளவு இருக்கு?"

திரை எண்பது என்றது. "தொண்ணூத்தஞ்சு," என்றான் நம்மாள்.

"பரவால்லயே. ஒரு தடவைக்கு அஞ்சுதான் குறையுதா?"

"உனக்கு அவ்வளவுதான் குறையும். நான் சொன்னேன்ல, உனக்குத் தைரியம் ஜாஸ்தி."

அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். திரை நாற்பதுக்கு இறங்கியது, அவன் எண்பத்தஞ்சு என்றான். திரை இருபது, அவன் எண்பது என்றான்.

தங்கை தொண்டையைச் செருமினாள். "அண்ணா, ஸ்க்ரீன்ல..."

"உதவி ரெண்டு, ஒருங்கிணைப்பு நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாது."

"எண்பது இருக்குல்ல?" என்றாள் மனைவி. "அப்ப இன்னும் பாக்கறேன்."

"தாராளமா."

பேய் வீட்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தது. ஹெட்போனில் "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. திரையில் உதவி 1-க்கு நேரே பூஜ்யம்.

நம்மாள் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிக் காதைத் தீட்டிக்கொண்டான். நிஜச் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம். டம்ளர் உருளும் சத்தம். கரண்டி ஒன்று தொட்டியில் விழும் சத்தம்.

பத்தொன்பது ஞாயிறு கேட்ட சங்கீதம். இந்த வருடத்துக்குப் பரண் விவகாரம் தீர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான்.

"போட்டோ?" என்றாள் தங்கை.

"என்ன போட்டோ?"

"ஆதாரமில்லாத சாவு செல்லாதுன்னு நீதானே எழுதினே. அண்ணி எனக்கும் அனுப்பியிருக்காங்க. மூணாவது பாயிண்ட்."

"பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேக்குதே. அதுவே ஆதாரம்தான்."

"உன் ஆபீஸ்ல சத்தத்தை ஏத்துக்குவீங்களா?"

நம்மாள் நேர்மையான அதிகாரி. ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

"நீ போய் எடுத்துட்டு வா," என்றான்.

"நான் எடுத்தா சாட்சி எப்படிச் செல்லும்? நான் அண்ணி கட்சின்னு நீயே சொல்லுவே."

சொல்லுவான்தான். அவளை அவன் தொட்டில் காலத்திலிருந்து அறிவான். கேமராவை எடுத்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல் முறையாக, மேலாளர் வண்டியை விட்டு இறங்கினார்.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. வேட்டை முடிந்தால் திறந்துவிடும், சரிதான் என்று உள்ளே போனான். இருட்டு. இடது பக்கம் திரும்பினான், சுவர். வலது பக்கம் திரும்பினான், அலமாரி.

"மாடிப்படி எங்க இருக்கு?"

"இத்தனை வாரம் அண்ணிய அனுப்பியிருக்கியே, உனக்குத் தெரியாதா?"

"எனக்கு வரைபடமாத் தெரியும்."

"அப்ப வரைபடத்துல ஏறு."

தட்டுத்தடுமாறி நடுக்கூடம் வரை வந்துவிட்டான். அப்போது ஹெட்போனில், பக்கத்தில் நின்று பேசுவதுபோல, நிதானமான ஒரு குரல்:

"ஏங்க, மாடியில தேடாதீங்க. நான் இங்க இருக்கேன்."

திரும்பினான். திறந்த கதவுக்கு வெளியே, வாசல்படியில், உதவி 1 நின்றுகொண்டிருந்தாள். கையில் முழுசாகக் கண்ணாடி.

"நீ செத்துட்டேல்ல?"

"நான் எங்க செத்தேன்? மெயின் சுவிட்சை அணைச்சேன். வீட்டுக்குள்ள இருந்து என்ன பண்றதுன்னு வெளிய வந்து வண்டிக்குப் பின்னால நின்னுட்டேன்."

"பாத்திரம் தேய்ச்சியே."

"காலைல நீங்க குடிச்சு வச்ச டம்ளர் நாலு கிடந்துச்சு. உயிரோட இருக்கறவங்க தேய்க்கக் கூடாதுன்னு விதியில இல்லையே."

அவன் மனசுக்குள் விதிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தான். இல்லைதான்.

"ஒரு சந்தேகம்," என்றாள் அவள். "இப்ப என் தைரியம் எவ்வளவு இருக்கும்?"

பூஜ்யம் என்று சொன்னால், காலையிலிருந்து சொன்ன எண்களெல்லாம் பொய் என்று ஆகும். தங்கை வேறு கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுபதுக்குக் குறையாது என்று சொன்னால்...

வாசலுக்கு எட்டு அடி. அந்த நேரத்தில் ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். ஆனால் அவன் கணிப்பாளன். இரண்டு பதிலுக்கும் உள்ள ஆபத்தை ஒப்பிட்டுப் பார்க்க நின்றான்.

"எழுபத்தஞ்சு," என்றான்.

"அப்ப இன்னொரு தடவை பாத்தா ஒண்ணும் ஆகாது."

"வேண்டாமே. போதும்னு நினைக்கிறேன்."

"நீங்கதானே தாராளமான்னு சொன்னீங்க?"

அவள் கண்ணாடியைத் தூக்கி, முகம் பார்த்துத் தலை வாருகிறவள் மாதிரி, பார்த்தாள்.

கண்ணாடி உடைந்தது. வாசல் கதவு சாத்திக்கொண்டது. அவள் வெளிப்பக்கம், அவன் உட்பக்கம். மாடியிலிருந்து யாரோ இறங்கி வரும் காலடி கேட்டது. அந்தச் சத்தத்தை இருபத்திரண்டு வாரமாக மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறான். நேரில் கேட்பது இதுதான் முதல் தடவை. அவன் அலமாரியைத் திறந்து உள்ளே நுழையப் பார்த்து, தன் பக்கம் திரும்பியிருந்த கேமராவை அழுத்திவிட்டான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. இருட்டில் ஒளிய வேண்டியவன் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டான்.

ஜன்னல் வழியாக மனைவி நிதானமாகப் பார்த்தாள். "குறிச்சுக்கோ," என்றாள் நாத்தனாரிடம். "ஆளைப் பாத்ததும் வேகம் கூடலை. படியில நிழல் விழலை."

"குறிச்சாச்சு அண்ணி. அப்ப நாம சந்தேகப்பட்டதுல ரெண்டாவது வகைதான்."

அவன் திரை கறுத்தது.

கூடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றான். மனைவி மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொன்ன அளவு தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மொதல் தடவையே. லிஃப்ட்ல பலகை நாலாவது மாடின்னு காட்டும். கதவைத் திறந்தா வெறும் குழியா இருக்கும். பலகையை நம்பக் கூடாது, நாமளே எண்ணணும். வேலையில சேர்ந்த அன்னிக்கு ரெண்டு விஷயம் சொல்லித்தந்தாங்க. அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"கதவு மூடறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் நிக்கறோம்னு பாத்துக்கணும்."

"கூட்டாளியை இப்படி உள்ள வச்சு அடைக்கிறது நியாயமா?"

"சாபப் பொருளைச் சரியா உபயோகிச்சா வரம்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க." அவள் சுட்டுவிரலால் மேலே காட்டினாள். "ஏணி வாஷிங் மெஷினுக்குப் பின்னால இருக்கு. பாத்து எடுங்க, மேல என் புத்தகம் இருக்கு."

"சாவுக்கு ஆதாரம்..."

"நீங்களே எடுத்த போட்டோவை வண்டித் திரையில இப்பத்தான் பாத்தேன். முகம் நல்லா விழுந்திருக்கு."

அவன் ஏணியை எடுத்தான். பரணில் தூசு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. இரண்டு தும்மலுக்கு ஒரு பெட்டி வீதம் இறக்கினான். பதினோராவது பெட்டியை இறக்கும்போது கீழே கைதட்டலும் சிரிப்பும் கேட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்று பரணிலிருந்து தலையை நீட்டிக் கேட்டான்.

"விடை சரியாயிருச்சுங்க. இத்தனை வாரத்துல இதுதான் மொதல் தடவை. எல்லாரும் உயிரோட வெளிய வந்துட்டோம்."

"எல்லாருமா? அப்ப நான்?"

மனைவி மடிக்கணினியை மூடினாள்.

"கணக்குல வர்றவங்க எல்லாரும்."