ஒரு கூடை நாவல்பழமும் முப்பது நோயாளிகளும்

நல்ல ஆரோக்கியத்தோடு வந்த முப்பது பெண்களை ஒரே மதியத்தில் நோயாளிகளாக்கிய பெருமை எனக்கு உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே இதை என் கணவரிடம் சொல்லிவிட்டேன். (பின்னால் யார் மூலமாவது தெரிந்து வம்பாகக் கூடாது பாருங்கள்.) அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதனால்தான் கட்டிக்கொண்டேன்.

அப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். கம்ப்யூட்டருக்குப் படங்களைக் காட்டிக் காட்டிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஆயிரம் பூனைப் படம் காட்டினால் அடுத்த பூனையை அதுவே கண்டுபிடித்துவிடும். இந்த வித்தை கைவந்ததும் எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது.

என் பள்ளித் தோழி மல்லிகா ஆயுர்வேத டாக்டர். முத்தியால்பேட்டையில் கிளினிக் வைத்திருந்தாள். நாடி பிடிப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள். வெளுத்திருக்கிறதா, மாவு படிந்திருக்கிறதா என்று பார்த்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவாள். முதல் வேளைக் கஷாயத்தைத் தன் எதிரிலேயே குடிக்கவைத்துத்தான் அனுப்புவாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அது முருங்கை மரத்துக்குப் போய்விடும் என்பது அவள் அனுபவம். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. நாக்குகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் காட்டினால், நோய் முற்றும் முன்பே அது சொல்லிவிடாதா?

"நல்ல யோசனதான்டி. ஆனா நான் பாக்கும்போது குறுக்க வராத. முடிச்சி அனுப்புறேன், வாசல்ல வச்சி எடுத்துக்கோ" என்றாள்.

அப்படியே எடுத்தேன். நோயில்லாதவர்களின் நாக்குக்கு எங்கள் கம்பெனி ஆட்களையும் நெல்லித்தோப்பில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களையும் பிடித்தேன். (எங்கள் மேனேஜர் என்னிடம் நாக்கை நீட்டியது அந்த ஒரு நாள்தான். நான் அவரிடம் பலமுறை நீட்டியிருக்கிறேன், அவர் திரும்பி நடந்த பிறகு.) மூன்று மாதம் கழித்துப் பரீட்சை வைத்தபோது என் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட எல்லா நாக்குக்கும் சரியான விடை சொன்னது.

"எனக்கே இவ்ளோ சரியா வராதுடி" என்று மல்லிகா இழுத்தாள்.

"பொறாமப்படாத" என்றேன்.

அடுத்தது இலவச மருத்துவ முகாம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் வியாபாரத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள். சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு. "அவங்க ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டாங்க. மொத தடவயா நம்பி வராங்க. சொதப்புனா மறுபடி ஒருத்தரும் வர மாட்டாங்க, பாத்துக்கோ" என்று மல்லிகா எச்சரித்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டேன். வரிசையில் நிற்பவர்கள் சலித்துப் போகக் கூடாதே என்று, அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த நாவல்பழத்தில் ஒரு கூடை வாங்கி வாசலில் வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, முழுக்க என் சொந்த மூளை.

முதலில் வந்தவர் பெரியநாயகி அக்கா. நிறைந்த மீன் கூடையை ஒற்றை ஆளாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறவர். நாக்கை நீட்டினார், படம் எடுத்தேன். திரை சிவப்பானது: 'தீவிர நோய் அபாயம்.' அடுத்தவருக்கும் சிவப்பு. அதற்கடுத்தவருக்கும் சிவப்பு. கொஞ்சமாவது புத்தி இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். நானோ, ஊருக்கே தெரியாத ஒரு பெரிய நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, பேப்பரில் படம் வந்தால் எந்தப் புடவை கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாம்மா சொல்லுது ஒன் பொட்டி?" என்றார் பெரியநாயகி அக்கா.

"கொஞ்சம் கவனிக்கணும்னு சொல்லுதுக்கா."

"எத்தினி நாளு தாங்கும்னு சொல்லுதா?"

முப்பது சிவப்பு ஆவதற்குள் கூடம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஓர் அக்கா போனில் கணவரிடம், "சின்னவள ஒங்கம்மாகிட்ட உட்றாத, எங்கம்மாகிட்ட உடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒருவருக்குத் திரை பச்சையானது: 'நலம்.' அஞ்சலை என்று பெயர், ஒல்லியான பெண்மணி. "நீங்க ஒருத்தர்தான்க்கா தப்பிச்சீங்க" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

உள்ளறையில் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்த மல்லிகா சத்தம் கேட்டு வந்தாள். பெரியநாயகி அக்காவின் கருநீல நாக்கைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ படம் எடுத்ததெல்லாம் கஷாயம் குடிச்ச பிறகுதான?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிளினிக் வாசலில் நான் எடுத்தவை எல்லாம் கஷாயம் குடித்துக் கருத்த நாக்குகள். நாக்கு கருத்திருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் சுகம். மூன்று மாதம் கண் விழித்து நான் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

ஆனால் மல்லிகாவின் கவனம் என்மேல் இல்லை, பச்சையாக நின்ற திரைமேல் இருந்தது. "நீங்க ஏன்க்கா பழம் சாப்புடல?" என்று அஞ்சலையிடம் கேட்டாள்.

"ஒண்ணும் எறங்க மாட்டேங்குதும்மா. ரெண்டு மாசமா இப்பிடித்தான். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது."

மல்லிகா அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், நாடி பிடித்தாள், வெளுத்த நாக்கைப் பார்த்தாள். அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காதாம். அவரைப் பார்த்துத்தான் நான் 'நலம்' என்று கை குலுக்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"நிறுத்திடலாம்டி" என்றேன் மறுநாள்.

"எதுக்கு? கஷாயத்துக்கு முன்னாடி எடுத்தா முடிஞ்சிது. எனக்கும்தான தோணல."

முதலிலிருந்து ஆரம்பித்தோம். வாய் கொப்பளித்த பிறகு படம், கூடவே ரத்தப் பரிசோதனை முடிவு. இப்போது அது யாருக்கும் நோய் இருப்பதாகத் தீர்ப்பு சொல்வதில்லை. 'இவரை டாக்டர் முதலில் பார்க்கட்டும்' என்று மட்டும் சொல்லும், பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. படம் எடுக்கும் முன் ஒரு கேள்வியும் கேட்கும்: இன்று என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிடவில்லை என்றால் ஏன்? அது அஞ்சலை அக்காவுக்காக நான் சேர்த்தது. அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று பயந்தோம். பெரியநாயகி அக்கா தெருவையே கூட்டிவந்தார். "பொட்டி பொய் சொன்னாலும் அஞ்சல பொழச்சிட்டா இல்ல" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றுவரை காபி குடித்ததும் என் கணவர் நாக்கை நீட்டி, "எத்தன நாளு?" என்பார். மீன் வாங்கப் போனால் அஞ்சலை அக்காவும் தராசை எடுக்கும் முன் நாக்கைத்தான் நீட்டுவார். நல்ல சிவப்பு.

"நலம்க்கா" என்பேன்.

"ஒன் பொட்டி சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

"அப்ப சரி" என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போடுவார்.