வெறுங்கால் அண்ணை கட்டிய நிழல்

வெறுங்கால் அண்ணையைப் போன்ற கட்டடக் கலைஞர் சிட்னியில் அவருக்கு முன் பிறக்கவில்லை. இன்னொருவர் வந்தால் ஊர் தாங்காது.

சிட்னியின் பரமட்டாவில் நாங்கள் வேலைபார்த்த கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். கேட்டால், "கட்டடம் நல்லதோ கெட்டதோ எண்டு முதலில காலுக்குத்தான் தெரியும், தம்பி" என்பார். ஒருமுறை பக்கத்து வெஸ்ட்மீட்டில் ஒரு கிளினிக்கின் தரையை வெறுங்காலால் சோதித்துக்கொண்டிருந்தார். தப்பி வந்த நோயாளி என்று நினைத்துக் காவலாளி சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். மனுஷன் மறுக்கவே இல்லை. "தள்ளட்டும், சாய்வுப்பாதை எப்பிடியெண்டு பாப்பம்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்!

இலங்கையில் ஒரு பழைய பௌத்தத் தூபியின் அருகே பண்பாட்டு மையம் வடிவமைக்கும் வாய்ப்பு எங்களுக்கு வந்தது. எங்கள் முதலாளி கோயம்புத்தூர்க்காரர். வானளாவக் கண்ணாடிக் கட்டடம், தூபிவரை கறுப்புக் கல் முற்றம் என்று வரைந்து வைத்தார்.

"சனம் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தானே தூபிக்குப் போகும்? மத்தியானம் இந்தக் கல்லில தோசை சுடலாம்" என்றார் அண்ணை.

"போட்டோல எப்படி இருக்கும் தெரியுமா? கெஸ்ட் முன்னாடி வாயத் திறந்தீங்க, மறுநாள் வேலைக்கு வராதீங்க" என்றார் முதலாளி.

அண்ணை சமர்த்தாகத் தலையாட்டினார்.

சிட்னியின் ஜனவரிக் கோடை வெயிலில் இலங்கையிலிருந்து விருந்தினர் வந்தார்கள், ஒரு பிக்குவும் சில அதிகாரிகளும். தூபியின் மாடலை அண்ணை வேண்டுமென்றே பெரிதாகச் செய்திருந்தார். அது அறைக்குள் கொள்ளாமல், வெளியே கார் நிறுத்தும் தார்த்தரையில் நின்றது. அதன்முன் தாமரைப்பூ வேறு. அண்ணை வாயே திறக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார், அவ்வளவுதான். தூபியைக் கண்ட பழக்கத்தில் அதிகாரிகளும் கழற்றினார்கள். வேறு வழியின்றி முதலாளியும் கழற்றினார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கோட்டும் டையுமாக எல்லோரும் குதித்தார்கள். பிக்கு மட்டும் விவரமாக மரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ, சுடுதே! அண்ணே, நிழல் எங்க?" என்று முதலாளி அலறினார்.

"இப்ப வாயைத் திறக்கலாமோ?" என்று கேட்டு, அண்ணை தன் வரைபடத்தை விரித்தார். தாழ்ந்த ஓட்டுக்கூரை, செருப்பு விடும் இடத்திலிருந்து தூபிவரை மர நிழலில் ஒரு நடைபாதை. அதையே கட்டித் தரும்படி பிக்கு கேட்டார். அண்ணையின் வேலையும் தப்பியது.

கட்டி முடிந்த மையத்தைப் பார்க்கப் போன வருடம் இலங்கைக்குப் போயிருந்தேன். அண்ணை ஓய்வுபெற்றுச் சிட்னியில் வீட்டோடு இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நடைபாதையில் நின்றபடியே அவரைப் போனில் அழைத்தேன்.

"அண்ணே, எல்லாரும் தூபியத்தான் பாக்கறாங்க. உங்க கட்டடத்த ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல."

"அப்ப நல்லா வந்திட்டுது. உம்மட கால்?"

"சுடலண்ணே."

அந்த மனிதரை அப்போதே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.