எஞ்சினுக்கு டார்ச் காட்டிய அண்ணாச்சி

இதை எழுத உட்காருவதும் பேனாவை மூடிவிட்டு எழுந்திருப்பதுமாகப் பல வருடங்களை ஓட்டிவிட்டேன். இன்று முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன். கனடாவின் மான்ட்ரியலில் வந்து இறங்கிய தமிழர்களிலேயே மகா விசித்திரமானவர் எங்கள் டார்ச் அண்ணாச்சிதான்.

எழுபதுகளில் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பல் நின்றது. விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு துருவப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போய்வந்த கப்பல். அதைச் சுற்றுலாக் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி அறைகளெல்லாம் படுக்கை அறைகளாயின. நான் அங்கே பெயிண்டர். தூத்துக்குடிக்காரரான அண்ணாச்சி எஞ்சின் ஃபிட்டர். பட்டப்பகலிலும் கையில் டார்ச் இருக்கும். குளிருக்குக் குல்லாயைப் புருவம்வரை இழுத்துவிடுவதால் திருநீற்றைக் குல்லாயின் மேலேயே பூசிக்கொள்வார்.

கப்பலின் இரும்புச் சுவரில் காதை வைத்துக் கேட்பார். "பனிமலையை உரசிட்டு வந்த இரும்புவே இது. என்ன சத்தம் போட்டிருக்கும்!" என்பார். பழைய விஞ்ஞானி யாராவது வந்துவிட்டால், பனிக்கரடி ஏணி ஏறுமா, பனிமலை உப்புக் கரிக்குமா என்று கேட்டே ஆளை விரட்டிவிடுவார். பனிமலை பார்க்கப் போகும் கப்பலின் முதல் பயணத்தில் எஞ்சின் அறையில் அவருக்கும் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாளுக்காகத்தான் மனிதர் உயிரோடிருந்தார்.

எஞ்சினை முதன்முதலாக ஓட்டும் நாள் வந்தது. பூஜை போடாமல் எப்படி? ஃபோர்மன் சாப்பிடப் போன நேரம் இருவரும் கீழே இறங்கினோம். அண்ணாச்சி எஞ்சினுக்குக் குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் தேடினார். கப்பலில் ஏது சக்கரம்? சாமான் தள்ளும் வண்டியில் வைத்து நசுக்கினார். பிறகு டார்ச்சைப் போட்டு மூன்று சுற்று தீபாராதனை காட்டினார்!

"என்ன அண்ணாச்சி, கற்பூரம் இல்லாமலா?"

"பெயிண்டு வாடை அடிக்கில்லா. தீ ஆகாதுவே. சாமிக்கு இந்த வெளிச்சம் போதும்."

என் மனம் ஒப்பவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், சட்டைப் பையிலிருந்த கற்பூரத்தை ஒரு மூடியில் வைத்து ஏற்றிவிட்டேன். அடுத்த நிமிடம் கப்பல் முழுக்க நெருப்பு மணி! கட்டில் தூக்கி வந்தவர்கள் கட்டிலோடு கரைக்கு ஓடினார்கள்.

"யார் ஏற்றியது?" என்று ஃபோர்மன் பிரெஞ்சில் கத்தினார். வேலை போனால் என் கதி? வீட்டில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம்.

"முவா," என்றார் அண்ணாச்சி. நான் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அன்றே அவருக்கு வேலை போயிற்று, பயணமும் போயிற்று. பஸ் நிறுத்தத்தில் நான் விக்கி விக்கி அழுதேன்.

"எதுக்குவே அழுகீரு? பிள்ளை பெறக்கப்போற வீடு. பனிமலைதான? இந்தா கிடக்கு, பாத்துக்கிடுதேன்!" என்று தெருவோரம் வாரிக் குவித்திருந்த பனியைக் காட்டினார்.

அண்ணாச்சி கதையை நீங்களும் நாலு பேரிடம் சொல்வீர்கள். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அவருக்கும் அதுதான் பிடிக்கும். கற்பூரம் ஏற்றியவன் நான் என்பதை மட்டும் தயவுசெய்து மாற்றாமல் சொல்லுங்கள்.