எழுபத்தொரு சதவீதம் நகல்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நாலேகாலுக்கு, ஒரு நாளிதழ் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் இருந்த கணினி, திரை விமர்சனம் ஒன்றை எழுபத்தொரு சதவீதம் நகல் என்று அறிவித்தது.

அதை எழுதியவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நாளிதழின் திரை விமர்சனப் பத்தியை எழுதிவருபவர். நகல் பிடிக்கும் மென்பொருள் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அலுவலகத்தில் அதற்கு மோப்ப நாய் என்று பெயர். இருபது சதவீதத்தைத் தாண்டினால் பிரசுரம் கிடையாது. மூன்று முறை மாட்டினால் பத்தி வேறு ஆளுக்குப் போய்விடும். விமர்சகர் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியிருந்தார். விளையாட்டுப் பக்கத்துக்காரர் சில நாட்களாகவே கேமரா கோணங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

“யார்கிட்டருந்து சுட்டேன்னு சொல்லுது?” என்று கேட்டார் விமர்சகர்.

“உங்ககிட்டருந்துதான் சார்.” பக்கம் வடிவமைக்கும் பெண் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “பதினாலு வருஷத்துக்கு முன்னாடி முதல் பாகத்துக்கு நீங்க எழுதினது.”

“அது என் தப்பாம்மா? ஆறு பாகம் எடுத்து முடிச்சிட்டு, அந்தக் கதையையே மறுபடி மொதல்லருந்து எடுக்கறாங்க. அதே விண்கலம், அதே பச்சை ரத்தம், லிஃப்டுக்குள்ள அதே சண்டை. படம் ஜெராக்ஸ்னா விமர்சனம் மட்டும் எங்கருந்து புதுசா வரும்?”

“அதை நாய்கிட்ட எப்படி சார் சொல்றது? அஞ்சரைக்குப் பக்கம் மூடணும்.”

விமர்சகர் உட்கார்ந்து சொற்களை மாற்றினார். ‘விறுவிறுப்பு’ இருந்த இடமெல்லாம் ‘பரபரப்பு’ ஆனது. ‘சறுக்கல்’ போய்த் ‘தொய்வு’ வந்தது.

“எழுபத்தாறு,” என்றாள் அவள்.

“ஏறிடுச்சா?”

“ரெண்டாம் பாகத்து விமர்சனமும் சேர்ந்துக்கிச்சு சார். அதுல ‘தொய்வு’ன்னுதான் போட்டிருக்கீங்க.”

கதைச் சுருக்கம்தான் வினை என்று முடிவுசெய்து அதை முழுவதுமாக வெட்டினார். கருத்து மட்டும் மிஞ்சியது.

“எண்பத்து மூணு.”

“எப்படிம்மா?”

“‘அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள்’னு எழுதியிருக்கீங்கல்ல. அதை ஆறு பாகத்துக்கும் எழுதியிருக்கீங்க.”

“முதல் பாகத்துக்குமா?”

“அதுக்கும்தான். அப்ப அதை வேற ஒரு படத்துலருந்து அரைச்சதா எழுதியிருக்கீங்க.”

விளையாட்டுப் பக்கத்துக்காரர் அந்த வழியாக வந்தார். விமர்சகரின் நாற்காலியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “அண்ணே, இது கொஞ்சம் தாழ்வா இருக்கே. எனக்கு முழங்கால் இடிக்குமே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி ஐந்தாக ஏழு நிமிடம். விமர்சகர் படிக்கட்டுக்குப் போய் மனைவியை அழைத்தார்.

“நான் இதுவரைக்கும் எழுதாதது ஏதாவது சொல்லேன். அவசரம்.”

“எந்தப் படத்துக்கு?”

“எந்தப் படமா இருந்தா என்ன?”

“அப்படின்னா ஒண்ணுதான் இருக்கு,” என்றாள் மனைவி, பின்னணியில் குழாய் ஓடும் சத்தத்தோடு. “நல்லா இருக்குன்னு எழுதுங்க.”

திரும்பி வந்து எழுதினார். முதல் வாக்கியத்துக்கே பத்து நிமிடம் ஆனது, விரல்களுக்குப் பழக்கமில்லை. பிறகு வேகம் பிடித்தது. காட்சிக்குக் காட்சி புதுமை என்றார். பழைய பாகங்களின் நிழல்கூடப் படாத படம் என்றார். பதினாலு வருடத்துக்கு முன் பார்த்த அதே இளமையோடு கதாநாயகனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிற கணினி நுட்பத்துக்கு மட்டும் ஒரு முழுப் பாரா ஒதுக்கினார். அந்தப் பாராவை அவர் மனதார எழுதினார்.

“நாலு சதவீதம்,” என்றாள் வடிவமைக்கும் பெண். “அந்த நாலும் படத்தோட பேரும் உங்க பேரும்தான் சார்.”

விமர்சகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் செய்தி ஆசிரியர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“நீங்களா ஒரு படத்தைப் பாராட்டறீங்க?”

“படம் அப்படி சார்.”

“இருபத்திரண்டு வருஷத்துல நடக்காதது. இது விமர்சனம் இல்ல, செய்தி. முதல் பக்கத்துக்கு ஏத்தும்மா, சாரோட போட்டோவோட.”

“முதல் பக்கம் எதுக்கு சார், உள்ளேயே ஒரு ஓரமா…”

“தன்னடக்கத்தை நாளைக்கு வச்சுக்கலாம்,” என்றார் செய்தி ஆசிரியர்.

ஐந்து இருபத்தெட்டுக்குப் பக்கம் மூடப்பட்டது. பத்தி விமர்சகரிடமே இருந்தது. விளையாட்டுப் பக்கத்துக்காரர் கால்பந்துக்குத் திரும்பினார். ஆறு ஐந்துக்குக் கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. மேசை லேசாக அதிர்ந்தது.

ஆறு பத்துக்கு விமர்சகரின் கைபேசி ஒலித்தது. காலையில் அவர் படம் பார்த்த திரையரங்கின் டிக்கெட் கவுண்டர் பெண்.

“சார், காலைல மைக்குல சொன்னப்ப நீங்க இன்னும் வரல, அதான் ஞாபகப்படுத்தலாம்னு போன் பண்றேன். புதுப் படம் வந்து சேரல, பத்திரிகைக்காரங்களைச் சும்மா அனுப்ப வேண்டாம்னுதான் பழைய முதல் பாகத்தைப் போட்டோம். புதுசு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு, மறக்காம வந்து பாருங்க.”