பார்சல்காரன் முகம்

பார்சலின் மேல் ஒட்டியிருந்த முகவரியைப் பாலகுமார் மறுபடியும் படித்தான். எத்தனை முறை படித்தாலும் அது மாறுவதாக இல்லை. உ. வினோதினி, அண்ணாமலை நகர், சிதம்பரம். வீட்டு எண்ணும் அதேதான். தரகர் தைலம்மாள் போனில் அனுப்பியிருந்த அதே எண்.

நாலு மணிக்கு அவன் பெண் பார்க்கப் போகிற வீடு.

பண்டிகை ஆஃபர் ஓடுகிற வாரம். கடலூர் முதுநகர் கிடங்கில் லீவு என்ற சொல்லை யாரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது. அதனால்தான் பண்ருட்டி பக்கம் ஓட்டுகிற பாலகுமார், கெஞ்சிக் கூத்தாடி, நண்பன் டோனியின் சிதம்பரம் ரூட்டை இன்றைக்கு மட்டும் மாற்றி வாங்கியிருந்தான். பார்சலையும் கொடுத்த மாதிரி, பெண்ணையும் பார்த்த மாதிரி. வேலையையும் வாழ்க்கையையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டதில் காலையிலிருந்து அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை. சீட்டுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஹேங்கரில் ஆடிக்கொண்டே வந்தது.

அந்த மரியாதை பி.முட்லூர் வரைதான் நிலைத்தது. அங்கே ஓரமாக நிறுத்தி, அடுத்த தெருவுக்கான பார்சல்களை அடுக்கும்போதுதான் இது கையில் வந்தது.

தாய்மாமன் சபாபதிக்குப் போன் போட்டான்.

"மாமா, வண்டியில பொண்ணு வீட்டு அட்ரஸ் இருக்கு."

"அட்ரஸ்தான் தரகரம்மா நேத்தே அனுப்பிட்டாங்களேடா."

"பார்சல் மாமா. அவுங்க வீட்டுப் பார்சல். நான்தான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"உன்ன மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கேன்டா மாப்ள."

"யாரு சொல்லச் சொன்னது?"

"பொண்ணோட அப்பா, ஆறு மணிக்கு வீட்டுல இருக்கிற மாப்பிள்ளதான் வேணும்னாரு. டிரைவர்னா போட்டோவையே வாங்கியிருக்க மாட்டாரு. நீ ஒரு வண்டிய மேனேஜ் பண்றல்ல, அப்ப மேனேஜர்தான். இப்ப என்ன, வீடு பூட்டியிருக்குன்னு போட்டு உட்டுடு. நாளைக்கு டோனி குடுத்துக்கட்டும்."

பாலகுமார் அப்படி ஒருநாளும் போட்டதில்லை. போகாமலே, கம்பெனி ஆப்பில் வீடு பூட்டியிருக்கிறது என்று அழுத்துகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. ஒரு வீட்டில் யாரோ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். விரல் தயங்கியது. பிறகு சட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அழுத்தினான்.

போனைப் பைக்குள் வைப்பதற்குள் அது அடித்தது.

"அண்ணா, வீடு பூட்டியிருக்குன்னு மெசேஜ் வந்திருக்கு. வீட்டுல நாலு பேரு இருக்கோம். அதுல ரெண்டு பேரு வாசல்லயே நிக்கிறோம்."

பின்னால் ஓர் ஆண் குரல், "எவன்டி அவன், போனக் குடு" என்றது.

"நீங்க இருங்கப்பா. அண்ணா, அது பொடவைண்ணா. மாப்பிள்ள வீட்டுலேருந்து வர்றாங்க. சாயந்தரம் அதான் கட்டணும். வேற எதுவும் எடுத்து வைக்கலைண்ணா."

அவன் பார்க்கப் போகிற பெண், அவனைப் பார்ப்பதற்காகக் கட்ட வேண்டிய புடவை, அவன் மடியில் இருந்தது. அவள் அவனை நான்கு முறை அண்ணா என்று கூப்பிட்டிருந்தாள்.

"சிஸ்டம் தப்புங்க. இதோ கொண்டாறேன்" என்றான்.

டோனியைக் கூப்பிட்டான்.

"பண்ருட்டியில ஒரு பலாப்பழ லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு நிக்கிறேன் மச்சான். உன் ரூட்டுல மனுசன் வண்டி ஓட்டுவானா?"

பாலகுமார் விஷயத்தைச் சொன்னான். டோனி சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"மாஸ்க் போட்டுக்க. தொப்பி போட்டுக்க. போய்க் குடுத்துட்டு வா. பார்சல்காரன் மூஞ்சிய எவன்டா பாக்குறான்? எனக்கு அஞ்சு வருசமா கைய நீட்டுறவங்கள்ல பாதிப் பேருக்கு நான் கறுப்பா செவப்பான்னு தெரியாது."

அது உண்மை. உண்மையாக இருந்தும் பாலகுமாருக்கு எங்கோ லேசாக வலித்தது. ஆனால் வலிக்க நேரமில்லை.

அண்ணாமலை நகரில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது தொப்பி, மாஸ்க், கூலிங் கிளாஸ் எல்லாம் சரியாக இருந்தன. மறந்தது ஒன்றுதான். கேட்டைத் திறக்கும்போது வழக்கம்போல விசிலடித்துக்கொண்டே போய்விட்டான்.

வினோதினி வெளியே வந்தாள். போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் உயரம். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"என்னண்ணா, விசிலெல்லாம் அடிக்கிறீங்க. எங்க உயிரு போவுது இங்க."

"ஓடிபி சொல்லுங்க" என்றான், தரையைப் பார்த்து.

ஓடிபி வரவில்லை. அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள், ஆட்டினாள், ஊதினாள். சிக்னல் வந்து வந்து போனது. ஓடிவிட வேண்டிய மனிதன், கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் சுற்றிலும் பார்த்தான்.

"அந்தத் தண்ணித் தொட்டி மேல ஏறி நில்லுங்க. வடக்குப் பாத்து. இந்த மாதிரி வீடுங்கள்ல அங்கதான் கெடைக்கும்."

அவள் ஏறினாள். கிடைத்தது. சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னவள், அங்கேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். முகம் வாடியது.

"இது பச்சையே இல்ல. போட்டோவுல மாம்பிஞ்சு மாதிரி இருந்துச்சி."

"வெயில்ல புடிங்க. நெழல்ல வச்சிப் பாத்தா எல்லாப் பொடவையும் ஏமாத்தும். எத்தன பேரு அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பியிருக்காங்க, நான் பாத்திருக்கேன்."

வெயிலில் பிடித்தாள். மாம்பிஞ்சு வந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதாவது, தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் இருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இந்த வேலை புடிக்குமா?"

யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. எவ்வளவு வரும், எத்தனை மணிக்கு முடியும், பெட்ரோல் அவர்கள் தருவார்களா என்றுதான் கேட்பார்கள். மாஸ்க்குக்குள் அவன் முகம் தனியாக இருந்தது. தனியாக இருந்ததால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"புடிக்குங்க. நான் போனா யாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு கதவத் தெறக்க மாட்டாங்க. எல்லாரும் எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க. எந்த ஆபீசருக்குக் கெடைக்கும் இது? ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவ முடியாது. ஆனா எப்பப் போனாலும் சிரிச்சிக்கிட்டுதான் போவேன்."

"எங்கப்பா ஆபீசுலேருந்து அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவாரு" என்றாள் அவள். "வந்து, படுக்கிற வரைக்கும் ஆபீசத் திட்டுவாரு. ரிட்டையர் ஆயும் இன்னும் திட்டுறாரு." சட்டென்று எழுந்தாள். "ஏங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"

அண்ணா என்ற சொல் எங்கேயோ தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விழுந்துபோயிருந்தது. தண்ணீர் குடித்தால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

"வெரதங்க."

"தண்ணி கூடவா?"

"தண்ணிதாங்க மொதல்ல."

அவள் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். "கேசரி. அவுங்களுக்குச் செஞ்சது. வெரதம் முடிச்சிட்டுச் சாப்புடுங்க."

அப்போதுதான் அவள் அப்பா உத்திராபதி வெளியே வந்தார். "ஏம்பா, வண்டிய எடு. மாப்பிள்ள காரு நிக்கணும்."

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு புங்கமரத்தடியில் வண்டியைப் பூட்டி, உள்ளேயே சட்டை மாற்றி, அம்மாவும் மாமாவும் வந்த வாடகைக் காரில் ஏறிக்கொண்டபோது பாலகுமாருக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண்தான். வேறு யாரும் இல்லை. இனி எதுவும் தப்பாகிவிடக் கூடாது.

"ஜாஸ்தி பேசாத" என்றார் மாமா. "குரலு காட்டிக் குடுத்துடும்."

எனவே கூடத்தில் உட்கார்ந்ததும் பாலகுமார் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு குரலை எடுத்துக்கொண்டான். "வணக்கம். நல்லது. ஆமாம்."

"மேனேஜர் வேலன்னா எப்பிடி?" என்றார் உத்திராபதி.

"ஏசி ரூமு" என்றார் மாமா. "பட்டன அமுக்குறது. ஆறு மணிக்கு வீடு."

"மத்தியானம் உங்க கம்பெனி ஆளு ஒருத்தன் வந்தான் மாப்ள. நாங்க வீட்டுல இருக்கிறப்பவே வீடு பூட்டியிருக்குன்னு போட்டுட்டான். நீங்கதான அவனுக்கெல்லாம் மேல? கொஞ்சம் கண்டிங்க."

"நல்லது" என்றான் பாலகுமார்.

"இப்பவே கண்டிங்க. நம்பரு வினோதினி போன்லதான் இருக்கு." அவர் மேசையிலிருந்த போனை எடுத்து அழுத்தினார்.

பாலகுமாரின் பேன்ட் பாக்கெட் அதிர்ந்தது. கூடம் முழுவதும் கேட்கும்படி, மர நாற்காலியோடு சேர்ந்து அதிர்ந்தது.

அம்மா மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினாள். மாமா ஒரு நொடிதான் எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் பெருமையாக. "கஸ்டமருக்குக் கோவம் வந்தா நேரா மேனேஜருக்கே அடிக்கும். அப்பிடி ஒரு சிஸ்டம் வச்சிருக்காங்க."

உத்திராபதி அசந்துபோனார். "எங்க ஆபீசுலயும் இருந்துச்சே" என்று தொடங்கி, தன் ஆபீசைக் கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு மறக்காமல் திரும்பி வந்தார். "சரி, அந்தப் பயல என்ன பண்ணுவீங்க?"

"மாப்ள ஒரு வார்த்த சொன்னா அவன் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் மாமா.

காபித் தட்டோடு வந்த வினோதினி வாசற்படியிலேயே நின்றாள். மாம்பிஞ்சுப் புடவை அவளுக்குப் பாந்தமாக இருந்தது. வெயிலில் இன்னும் நன்றாக இருந்தது என்று சொல்ல வாய் வந்து, பாலகுமார் அதை முன்னால் வைத்திருந்த கேசரியால் அடைத்தான்.

"அவர வேலைய உட்டு எடுத்துடுவீங்களா சார்?"

சார். அவன் அம்மாவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமாவின் புருவம் மேலே ஏறி நின்றது.

"கம்பெனி ரூல்" என்றது ரயில் நிலையக் குரல்.

"நல்ல புள்ளையா இருந்தா மன்னிச்சி உட்டுடுப்பா" என்றாள் அம்மா, தாங்க முடியாமல். "அவனப் பெத்தவ ஒருத்தி இருப்பால்ல."

"நல்லவருதான்மா" என்றாள் வினோதினி. பிறகு காபியை அவன் முன்னால் வைத்துவிட்டு, நேராகக் கேட்டாள். "உங்களுக்கு உங்க வேலை புடிக்குமா சார்?"

பதில் அவனிடம் இருந்தது. அது கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இதே வீட்டு வாசலில் சொல்லப்பட்டிருந்தது. ஒரு வார்த்தை அதிலிருந்து எடுத்தாலும் மாட்டிக்கொள்வான். முகம் வெளியே இருந்தது. வெளியே இருந்த முகத்துக்கு உண்மை பேச வழியில்லை.

"வேலைன்னா வேலைதான்" என்றான். "சம்பளம் வருது. ஆறு மணிக்கு வீடு."

உத்திராபதி திருப்தியாகத் தலையாட்டினார். வினோதினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சிதம்பரத்தில் மிச்சமிருந்த பார்சல்களைக் கொடுத்து முடித்து, வண்டி புதுச்சத்திரம் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. டீக்கடை ஓரம் நிறுத்தி, காலியான வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தான். மாப்பிள்ளையாக அடைத்துக்கொண்ட கேசரிக்கு ருசியே தெரியவில்லை. இது நெய்யும் முந்திரியுமாக இருந்தது. காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் அவன் எதிலாவது தோற்றுவிட்டானா, ஜெயித்துவிட்டானா என்று யோசித்தான். புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது ஒன்றுதான் நிச்சயம்.

போன் அடித்தது. தைலம்மாள். அவன் எழுந்து நின்றுகொண்டான்.

"தம்பி, மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. பொண்ணுதான் வேணாம்னுட்டுது."

டப்பாவை மூடி வைத்தான். "சரிங்க" என்றான். குரல் தானாகவே பழைய குரலாகிவிட்டிருந்தது. "எதனால, சொன்னாங்களா?"

"ஒரு ஏழப் புள்ளையோட பொழப்புல கைய வைக்கிறவரு, நாளைக்கு என்னை எப்பிடி வச்சிப்பாருன்னு கேக்குது."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவன் போனை வைக்கப் போனான். தைலம்மாள் வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நீங்க மேனேஜருங்கிறதால ஒரு ஒத்தாச கேக்குறேன் தம்பி. மத்தியானம் பொடவ கொண்டாந்தாரே, வெரதத்துல இருந்த பார்சல்காரத் தம்பி, அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கொஞ்சம் விசாரிச்சிச் சொல்றீங்களா? பொண்ணு கேக்கச் சொல்லுது."